செம்பூரில் காற்று இறங்கிய லாரி

மும்பைக்குப் போய் வந்தவர்கள் கடலைப் பார்த்தேன் என்பார்கள், நடிகர் வீட்டு வாசலைப் பார்த்தேன் என்பார்கள். நானும் மூன்று நாள் இருந்தேன். அதிக நேரம் பார்த்தது ஒரு பத்துச் சக்கர லாரியின் அடிவயிற்றை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வாயில் மண் விழ விழப் பார்த்தேன். அந்த லாரியின் கீழ் எத்தனை போல்ட் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.

கோவில்பட்டியில் மைக் செட் கடை வைத்திருக்கிற எனக்கு மும்பைதான் வெளிநாடு. ஐம்பத்திரண்டு வயதில் முதல் பயணம். இந்தியில் எனக்குத் தெரிந்தவை ‘அச்சா’, ‘நஹி’ என்ற இரண்டு சொற்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் சமாளித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காரியம் இதுதான். என் அக்காவின் கணவர் மும்பை அணுசக்தி நகர்க் குடியிருப்பில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். குழாய்களிலும் வால்வுகளிலும் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது அவருக்கு வேலை. ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சாமான் ஏற்ற ஒரு வண்டி உள்ளே வர அந்த ஒரு நாளைக்கு மட்டும் பாஸ் எழுதி வாங்கியிருந்தார், வண்டி நம்பர் போட்டு.

அக்கா போனில் புலம்பியது வேறு விஷயத்துக்கு. “ஏல தம்பி, ரிட்டயர் ஆனதுல இருந்து மனுஷன் சரியில்லல. யாரோடயும் பேச மாட்டேங்காரு. காலைல எந்திரிச்சதும் வீட்டுல இருக்க பைப்பெல்லாம் ஒவ்வொண்ணா முறுக்கிப் பாக்காரு. நேத்துப் பக்கத்து வீட்டுக்கும் போயி முறுக்கிட்டு வந்துட்டாரு. ஊருக்குக் கூட்டிட்டு வந்து இவர என்ன செய்யப் போறேன்னே தெரியல.”

சின்ன வண்டி ஒன்று பிடித்தால் போதும் என்றாள். நான்தான் மார்தட்டினேன். “எதுக்குக்கா? நம்ம தங்கப்பாண்டி லாரி தீப்பெட்டி லோடு ஏத்திட்டு உங்க ஊருப் பக்கம் பிவண்டிக்கு வருது. திரும்பும்போது சும்மாதான் வரும். நானே கூட வாரேன்.”

மார்தட்டியதற்குக் காரணம் உண்டு. அத்தானுக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது. அவர் கல்யாணத்துக்கு நான்தான் மைக் செட். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் என் ஆம்பிளிஃபயர் புகைந்து, தெரு முழுக்கக் கரண்ட் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடிச்சுப் போட்டார். அன்றிலிருந்து, “மாப்ளையா? அவன் கைல எதையும் குடுக்காத” என்பது அந்த வீட்டில் சட்டம். இந்த ஒரு காரியத்தையாவது கோளாறில்லாமல் முடித்து, அந்த வாயால் ‘பரவாயில்ல’ என்று ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். மும்பைக்கு நான் போன மெய்யான நோக்கம் அதுதான்.

லாரிப் பயணத்தைப் போல வயிறாரச் சாப்பிடுகிற பயணம் வேறு இல்லை. தங்கப்பாண்டி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். வண்டி ஓட்டுவதை விடச் சமையலில் கெட்டிக்காரன். ஹூப்ளி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் அடுப்பைப் பற்றவைத்து, லாரிப் பலகையில் வெங்காயம் நறுக்கி, மிளகு ரசம் வைத்தான். போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்ததும் டீ சின்னதாகிவிட்டது. எங்கள் ஊரில் சர்க்கரை போதுமா என்று பார்க்க ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த அளவு. ‘கட்டிங்’ என்றார்கள். நான் நாலு கட்டிங் குடித்தேன். தங்கப்பாண்டி என் தலையெழுத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

வியாழன் பிவண்டியில் லோடு இறங்கியது. வெள்ளி காலையில் செம்பூருக்கு வந்துவிட்டோம். அக்கா வீடு அங்கிருந்து மூன்று நாலு கிலோமீட்டர்தான். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட பெருமையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். அப்போது டேஷ்போர்டில் ஏதோ கிணுகிணுவென்று அடித்தது.

“காத்து இறங்குதுடே,” என்றான் தங்கப்பாண்டி.

“எந்த டயர்ல?”

“டயர்ல இல்ல. பிரேக்ல.”

மோனோ ரயில் தூண் ஓரமாக வண்டியை எப்படியோ ஒதுக்கினான். ஒதுங்கியதும் லாரி நின்றது. நின்றது என்றால், பூமியோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் எனக்குப் பாடம் எடுத்தான். பெரிய லாரியில் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். விடுவிக்கிறது காற்று. டாங்கிகளில் காற்று நிறைந்து, டேஷ்போர்டில் காற்றழுத்தம் காட்டுகிற முள் ஆறைத் தாண்டினால்தான் சக்கரத்தை விடும். குழாய் இணைப்பில் எங்கேயாவது காற்று கசிந்து முள் கீழே வந்துவிட்டால் அப்படியே கவ்விக்கொள்ளும். பத்து யானை கட்டி இழுத்தாலும் வராது.

அவன் சொல்லி முடிக்கும் முன்பே என் காலடியில் ‘உஸ்ஸ்’ என்றொரு சத்தம் கிளம்பியது. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற என் காதுக்கே கேட்டதென்றால் பெரிய சத்தம்தான். வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது கூடச் சரியில்லை, நினைக்கும் முன்பே ஓடியிருந்தேன். எதிர்ப்புறம் வடாபாவ் வண்டிக்குப் பின்னால் குந்தி, காதைப் பொத்திக்கொண்டேன். வடாபாவ்காரர் எட்டிப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். நான் ‘அச்சா’ என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தமிழில் விளக்கினார்: “வெடிக்காது, ஆனா ஓடி வந்த களைப்புக்கு ரெண்டு சாப்பிடுங்கன்னு சொல்றார்.” சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் ஒளித்து வைத்து, கூடவே ஒரு பச்சை மிளகாயையும் பொரித்துக் கொடுத்தார்கள். பயத்துக்கு நல்ல மருந்து.

சரியாக அந்த நேரம் அத்தான் போன். “எங்க இருக்க மாப்ளே?”

கசிவு பார்ப்பதே தொழிலாக இருந்த மனிதர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். என் வண்டி கசிகிறது. அறிவுள்ளவன் என்றால் என்ன சொல்வான்? நான் சொன்னது: “டிராபிக் அத்தான். நாளைக்குக் காலைல டான்னு வந்து நிப்போம்.”

“வண்டி நல்லா இருக்குல்லா?”

“புதுப் பொண்ணு மாதிரி இருக்கு அத்தான்.”

தங்கப்பாண்டி மெக்கானிக் யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் நானே சரிசெய்து காட்டினால் என்ன என்று தோன்றியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். பின்பக்க டாங்கிக்குப் பக்கத்தில், விரல் கனமுள்ள நைலான் குழாய் ஒன்று வந்து சேர்கிற நட்டிலிருந்து ‘உஸ்’ வந்தது. கசிகிறதா, இறுக்கு. இதுதான் என் விஞ்ஞானம். இறுக்கினேன். கொஞ்சம் குறைந்தது. ஆகா என்று இன்னும் இறுக்கினேன். ‘டக்’ என்றது. அடுத்த நொடி டாங்கியில் மிச்சமிருந்த காற்று மொத்தமும், பத்து வருஷத் தூசியோடு, என் முகத்தில்.

நான் வெளியே வந்தபோது ஒரு பெண்மணி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தனை திருநீறு.

தங்கப்பாண்டி குனிந்து பார்த்தான். நட்டுக்குள் இருக்கிற பித்தளை வளையம் நசுங்கி வாய் பிளந்திருந்தது. “உஸ்னு இருந்தத புஸ்னு ஆக்கிட்டியேடே!” என்றான். வண்டியை விட்டு அவன் நகர முடியாது. புது வளையமும் போடத் தெரிந்த ஆளும் கொண்டுவர வேண்டியது என் பொறுப்பு ஆயிற்று. “தாராவியில நம்ம ஆளுக இருக்காங்களாம். சயான் ஸ்டேஷன்ல இறங்கிக் கேளு,” என்று சொல்லி அனுப்பினான்.

செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாற வேண்டும். மாறினேன் என்று சொன்னால் அது தற்பெருமை. குர்லாவில் ஒரு கூட்டம் என்னை எடுத்து ஒரு ரயிலுக்குள் வைத்தது. என் இரண்டு காலும் தரையில் இல்லை. ஒருவர் முழங்கை என் விலாவில், என் மூக்கு இன்னொருவர் டிபன் பைக்குள். உள்ளே வெண்டைக்காய். சயான் வந்தது, நிற்காமல் போனது. நான் கத்தினேன். மாட்டுங்கா வந்தது, அதுவும் போனது. வேகமான வண்டியாம். “இது சின்ன ஸ்டேஷனை எல்லாம் மதிக்காது” என்பது போல ஒருவர் இந்தியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தாதரில் அதே கூட்டம் என்னை எடுத்து வெளியே வைத்தது. ஊரில் ஒரு மின்சாரக் கம்பம் நட இத்தனை பேர் ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நின்று நின்று போகிற வண்டியில் திரும்பி, இதுவும் சயானை மதிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, அதற்கு முந்தின மாட்டுங்காவிலேயே இறங்கினேன். இறங்கியதும் காபி வாசனை. கால் தானாக ஓட்டலுக்குள் போனது. அங்கே தனி மேசை என்ற பேச்சே இல்லை; காலியாக இருக்கிற நாற்காலியில் யார் எதிரிலும் உட்காரலாம். எனக்கு எதிரில் வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஒரு பெரியவர், நிதானமாக ரவா தோசையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக் குடும்பம், இங்கேயே பிறந்து வங்கியில் வேலை பார்த்தவர் என்று பின்னால் தெரிந்தது.

“எங்கேர்ந்து வரேள்?”

“கோவில்பட்டி சார்.”

“மூஞ்சி இப்படி இருக்கே, எதையாவது தொலைச்சுட்டேளா?”

நான் முழுக் கதையையும் கொட்டினேன். அவர் தோசையைக் கடைசித் துண்டு வரை முடித்தார். பிறகு, “காபியைக் குடிங்கோ முதல்லே. லாரி எங்கேயும் போகாது, அதான் நகர மாட்டேங்கறதே,” என்றார். அந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது. “லைனுக்கு அந்தப் பக்கம் லேபர் கேம்ப். அதைத் தாண்டினா தாராவி. நடந்தே போயிடலாம். லாரி பைப்புன்னு கேளுங்கோ, கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போயிடுவா.”

லேபர் கேம்ப் சந்துக்குள் நுழைந்த இரண்டாவது நிமிஷம், காயப்போட்டிருந்த வடகத்தை மிதித்துவிட்டேன். “ஏ கூறுகெட்ட மனுசா! கண்ணு பொடதியிலயா இருக்கு?” என்று ஓர் அம்மாள் கதவுக்குள்ளிருந்து பாய்ந்தார். இரண்டு நாளாகப் புரியாத பாஷையில் அன்பாகப் பேசுகிறவர்களிடம் மாட்டித் தவித்தவனுக்கு, புரிகிற பாஷையில் வசவு கிடைத்தது. ஆனந்தமாக நின்று கேட்டேன். திட்டி முடித்து அவரே வழியும் சொன்னார். “நேராப் போயி, தண்ணி டாங்கிட்ட திரும்புனீருன்னா சுடலை பாய் கடை.”

சுடலை பாய் என்றால் யாரோ என்று நினைக்க வேண்டாம். சுடலைமுத்து. அப்பா காலத்தில் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவர்கள். மும்பையில் எல்லா ஆணுக்கும் கடைசியில் ஒரு ‘பாய்’ முளைத்துவிடுகிறது. நாற்பது வயது, கை முழுக்கக் கிரீஸ், காதில் பேனா. கடை அகலம் என் கையை விரித்தால் முடிந்துவிடும். அதற்குள் சுவரெல்லாம் டப்பாக்கள், டப்பாக்களில் பித்தளை.

“வளையம் என்ன சைஸ் அண்ணாச்சி?”

பழைய வளையத்தை எடுத்து வந்தேனா? இல்லை. அளந்து வந்தேனா? இல்லை. “என் சுண்டு விரல் கனம் இருக்கும்,” என்றேன்.

சுடலை பாய் என்னையும் என் விரலையும் பார்த்தார். “சரி, விரலக் குடுங்க.” நிச்சயதார்த்தம் மாதிரி ஒவ்வொரு வளையமாக என் சுண்டு விரலில் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர் சிறிது. அடுத்தது பதினாறு. “இதான், இதேதான்!” என்று உற்சாகத்தில் நானே அடி வரை தள்ளிவிட்டேன். போனது. திரும்பி வரவில்லை.

இழுத்தார். முறுக்கினார். பக்கத்துக் கடைக்காரர் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மறுபடி இழுத்தார். எனக்கு விரல் நீலமாகி, உயிர் போய்விடும், ஊரில் என் மைக் செட்டிலேயே எனக்குப் பாட்டுப் போடுவார்கள் என்பது வரை யோசித்துவிட்டேன். “அரே, டென்ஷன் ஆகாதீங்க அண்ணாச்சி,” என்றார் அவர். “இங்கன இருந்து என்ன பிரயோசனம்? வளையம் போக வேண்டியது லாரிக்கு. நீங்களும் லாரிக்குத்தான் போறீங்க. அப்படியே வாங்க.” மேலும் கொஞ்சம் வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

இடது கைச் சுண்டு விரலை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு தாராவியிலிருந்து செம்பூர் வரை போனேன். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் எங்கே திரும்புவதாகச் சொல்கிறோம் என்று குழம்பி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

சுடலை பாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றைத் தண்ணீரில் கலக்கினார். கசிவைக் கண்டுபிடிக்க அந்த நுரையைத்தான் இணைப்புகளில் தடவுவார்கள். காற்று வரும் இடத்தில் குமிழ் குமிழாக ஊதும். முதல் தடவல் என் விரலுக்கு. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதே சூட்டில் வளையம் குழாயில் ஏறியது. “கையால முறுக்கணும். கை நின்ன பிறகு ஸ்பேனர்ல ஒரே ஒரு சுத்து. அதுக்கு மேல ஆசைப்படப்பிடாது,” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். தங்கப்பாண்டி என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

என்ஜினைப் போட்டோம். முள் ஏறியது. மூன்று, நாலு. நான் கைதட்டினேன். நாலில் நின்றது. வேறொரு இணைப்பில் நுரை. அதைச் சரிசெய்தால் நாலரை வரை ஏறி, இன்னொன்றில். முதல் ஓட்டையை அடைத்ததும் அழுத்தம் கூடி, அதுவரை சும்மா இருந்த அடுத்தது வாயைத் திறக்கிறது. எங்கள் குடும்பத்துக் கூட்டங்களில் சமாதானம் பேசி வைக்கிற என் மாமா ஞாபகத்துக்கு வந்தார். இருட்டுவதற்குள் மூன்று இணைப்பு மாற்றியாயிற்று. முள் ஐந்து. “மிச்சத்தக் காலைல பாப்போம்,” என்று சுடலை பாய் கிளம்பினார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கூடவே வீட்டிலிருந்து இட்லியும் எள்ளுப்பொடியும். ஆனால் காற்று ஒத்துழைக்கவில்லை. பின்பக்கம் இருக்கிற இணைப்பெல்லாம் நுரை தடவிப் பார்த்தாயிற்று, ஒரு குமிழ் இல்லை. முள் மட்டும் ஐந்தை விட்டு ஏற மறுத்தது. காதால் தேடலாம் என்றால், செம்பூர்ச் சாலையில் பஸ் ஹாரனும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து காதை அடைத்தன. மூன்று பேரில் என் காதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பத்தானது. பதினொன்றானது. அத்தான் மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறை டிராபிக் என்றேன். இரண்டாம் முறை யாரோ பெரிய மனிதர் போகிறார், சாலையை அடைத்துவிட்டார்கள் என்றேன். மூன்றாம் முறை கல்யாண ஊர்வலம், யானை வருகிறது என்றேன். “செம்பூர்ல யானையா?” என்றார். “சின்ன யானை அத்தான்,” என்றேன்.

மணி பன்னிரண்டரை. ஐந்துக்குள் சாவி கொடுக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் பாஸ் கிடையாது. நான் நடைபாதையில் உட்கார்ந்து, அக்காவின் பீரோவும் கட்டிலும் தெருவில் நிற்பதையும், அத்தான் அதன் மேல் உட்கார்ந்து ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்பதையும் கண்ணாரக் கண்டுகொண்டிருந்தேன். அப்போது முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் டார்ச், கையில் ஒரு துணிப்பை. அத்தான்.

“யானை எங்க மாப்ளே?”

நான் எழுந்து நின்றேன். தங்கப்பாண்டி சாவகாசமாக, “நேத்தே அக்காகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்டே. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு அத்தான அனுப்புதேன்னாங்க,” என்றான். நேற்றே அக்காவுக்குத் தெரிந்துபோன ரகசியத்துக்குக் காவல் காத்திருக்கிறேன்.

அத்தான் லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த நடையை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “எங்கிட்டச் சொன்னா என்ன?”

“திட்டுவீங்கன்னுதான் அத்தான்...”

“திட்டத்தான் செய்வேன். அதுக்காக? ஒழுகுத வண்டிய இங்கன நிறுத்தி வச்சிருக்க. நான் அங்க ஒழுகாத பைப்பப் போயி முறுக்கிப் பாத்துட்டு இருக்கேன்!” குரலில் இருந்தது கோபம் மாதிரி இல்லை. விருந்துக்குக் கூப்பிடாமல் விட்ட சொந்தக்காரரின் குரல்.

சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். பனியனோடு சுடலை பாய் பக்கத்தில் உட்கார்ந்து, “பின்னால போற குழாயக் கழத்திட்டு, அந்த வாயில ஒரு அடைப்பப் போடு தம்பி,” என்றார். போட்டார்கள். என்ஜினை ஓட்டி நிறுத்தினார்கள். முள் அப்போதும் மெல்ல இறங்கியது. “பாத்தியா? பின்பக்கத்த மொத்தமா வெட்டி விட்டாச்சு, இன்னும் இறங்குதுன்னா கோளாறு முன்னாலதான். பாதி லாரி மிச்சம்.”

சுடலை பாய் தலையில் கை வைத்தார். “க்யா பாத் ஹை! பிரமாதம்! காலைல இருந்து நான் பின்னாலயே கெடக்கேன் சார்.”

அத்தான் கேபினுக்கு அடியில் நுழைந்தார். சத்தத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, குழாய் ஓரமாக, தொடாமல், மெள்ள மெள்ள நகர்த்தினார். ஈரத் தோலில் காற்றுப் பட்டால் சில்லென்று தெரியுமாம். சாலையில் ஒரு தண்ணீர் லாரி அலறிக்கொண்டு போனது. கை நகர்ந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றது.

“மாப்ளே, டார்ச் அடி.”

அடித்தேன். அடித்திருக்க வேண்டாம். பிரேக் குழாயை நடுவில் வெட்டி, ஒரு மூன்று வாய் இணைப்பு வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே ஏறியது. இணைப்பைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப்பின் மேல் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அத்தான் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். அது பிரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் குழாயின் நுனி தெரிந்தது. நேராக வெட்டாமல், கரும்பை வெட்டுகிற மாதிரி சாய்த்து வெட்டியிருந்தது. “இது எங்க போகுது?”

“ஏர் ஹாரனுக்கு,” என்றான் தங்கப்பாண்டி. “போன ஆயுத பூஜைக்கு ஒருத்தன் பிரசன்ட் பண்ணினான்.” சொல்லிவிட்டு மோனோ ரயில் தூணில் ஒட்டியிருந்த மராத்திப் போஸ்டரை, மராத்தி தெரிந்தவன் போல, ஊன்றிப் படித்தான்.

“யாரு மாட்டுனது?”

ஓடலாமா என்று பார்த்தேன். வடாபாவ் வண்டி அன்றைக்கு வந்திருக்கவில்லை. “நான்தான் அத்தான்.”

“அதான பாத்தேன்! கரண்டுக்குச் சுத்துற டேப்ப காத்துக்குச் சுத்தி, போதாததுக்குச் சந்தனம் வேற வச்சிருக்கான்!” அத்தான் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு லாரிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு. சுடலை பாய்க்கும் தொற்றியது. கடைசியில் நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

ஹாரன் குழாயைப் பிடுங்கி, இணைப்பைத் தூக்கிவிட்டு, வெட்டிய இரண்டு நுனிகளையும் நேராக்கி, நேர் இணைப்புப் போட்டார்கள். பின்பக்கக் குழாயையும் திரும்ப மாட்டினார்கள். ஐந்து, ஐந்தரை, ஆறு, ஏழு. முள் எட்டில் போய் நின்று, இறங்கவே இல்லை. தங்கப்பாண்டி கைப்பிரேக்கைத் தட்டினான். லாரி ‘புஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, சக்கரத்தை விட்டது. இந்த முறை நான் ஓடவில்லை. இரண்டடி மட்டும் பின்னால் போனேன்.

குடியிருப்புக் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றே கால். அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். “வந்துட்டாருய்யா புதுப் பொண்ண ஓட்டிட்டு!” சுடலை பாயும் கூட வந்திருந்தார், கூப்பிடாமலே. பக்கத்து வீடுகளிலிருந்து மராத்திக்காரர், மலையாளி, வங்காளி எல்லோரும் ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். “பார்த்து, பார்த்து” என்பது எல்லாப் பாஷையிலும் ஒரே தொனிதான். நான் கிரைண்டரைத் தூக்கப் போனேன். நாலு பாஷையிலும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

அத்தான் ஒரு சாமானைக்கூடத் தொடவில்லை. டார்ச்சும் கையுமாக லாரிக்கு அடியிலேயே இருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அக்காதான் காலி வீட்டைப் பூட்டி, அவரை வெளியே இழுத்து, சாவியைக் கையில் திணித்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். முப்பத்து நாலு வருஷ வீட்டுச் சாவி. கொடுத்துவிட்டு வந்து கலங்குவார் என்று நாங்கள் எல்லோரும் முகத்தைத் தயாராக வைத்திருந்தோம். வந்தவர், “டிரைவர் தம்பி, ஒரு நாளுக்கு எத்தன தடவ காத்து டாங்கில தேங்குத தண்ணிய வடிப்ப?” என்று கேட்டுக்கொண்டே கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“நமக்கு நாளைக்கு ரயில்ல டிக்கெட் இருக்குங்க,” என்றாள் அக்கா.

“நீ மாப்ளையக் கூட்டிட்டு வா. புது இணைப்பு நாலு போட்டிருக்கு. ரெண்டு நாள் கூட இருந்து பாக்கணும்.”

சுடலை பாய் ஒரு சின்னப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினார், விதவிதமான பித்தளை வளையங்கள். “வழிக்கு சார்,” என்றார். ஊர்ப்பயணத்துக்கு முறுக்கு கட்டிக் கொடுக்கிற மாதிரி. அத்தான் அதை மடியில் வைத்துக்கொண்டார். ‘பரவாயில்ல’ என்ற சொல்லை மட்டும் கடைசி வரை எனக்குக் கொடுக்கவில்லை. லாரி ஐந்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் கேட்டைத் தாண்டியது.

மறுநாள் ரயிலில் என் இடம் கழிவறைக்குப் பக்கத்தில். அக்கா எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தான். ஹூப்ளிக்கு இந்தப் பக்கம் ஏதோ டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார்களாம். பின்னால் தங்கப்பாண்டி ரசத்துக்குத் தாளிக்கிற சத்தம் கேட்டது.

“மாப்ளே! இடது பக்க டாங்கிட்ட லேசா ஒண்ணு கசியுது. முள்ளுல தெரியாது, கைக்குத்தான் தெரியும். நான் கண்டுபிடிச்சிட்டேன்!” பையனுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் போனைக் கையால் பொத்தினேன். “ஐயையோ, அக்கா, இன்னொரு லீக்காம்!”

அக்கா போனை வாங்கி, “பாத்துச் செய்ங்க,” என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு நிதானமாகச் சாதத்தை என் பக்கம் தள்ளினாள். “சின்னது தானல? இருக்கட்டும். கோவில்பட்டி போயிச் சேருத வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கட்டும். மனுஷன் எம்புட்டுச் சந்தோசமாப் பேசுதாரு பாத்தியா?”

“சரிக்கா. ஊருக்குப் போயிட்ட அப்பறம்?”

“அப்பறம் என்னல? அதான் உன் கடை இருக்குல்லா. ஒயரு, பிளக்கு எல்லாம் எந்த லட்சணத்துல வச்சிருப்பன்னு தெரியாதா? புதன்கிழமைல இருந்து காலைல காப்பி குடிச்சதும் அங்கனதான் வருவாரு. நான் சொல்லிட்டேன்.”

வண்டி சோலாப்பூரில் நின்றது. இறங்கிவிடலாமா என்று யோசித்தேன்.